ரிமூவ் பண்ணியாச்சு

செவ்வாய்க்கிழமை பார்லருக்கு விடுமுறை என்பதால் கலைச்செல்வி வீட்டில் இருந்தாள். இல்லாவிட்டால் இந்த விஷயம் அவள் காதுக்கு வந்தே இருக்காது. மத்தியானம் காலேஜிலிருந்து வந்த மகள் இசக்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, கையிலிருந்த போனைத் தலையணைக்கு அடியில் திணித்தாள். எப்போதும் அந்தப் போன் அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். குளிக்கப் போகும்போது மட்டும்தான் கீழே வைப்பாள்.

"ஏட்டி, சோறு போடட்டா?"

"வேண்டாம்."

"மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு? என்னட்டி ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. க்ரூப்ல இருந்து ரிமூவ் பண்ணியாச்சு. அவ்வளவுதான். சோடோ, விட்டுரு."

சொல்லிவிட்டு இரும்பு ஏணியில் ஏறி மேல் அறைக்குப் போய்விட்டாள்.

கலைச்செல்விக்கு ரிமூவ் என்ற வார்த்தை தெரியும். பார்லரில் தினமும் புழங்குகிற வார்த்தை அது. நகப்பூச்சை எடுக்கிற தண்ணீருக்கு ரிமூவர் என்று பெயர். பஞ்சில் நனைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால் நகத்தில் சாயம் இருந்த தடமே இருக்காது. தன் மகளை யாரோ அப்படித் தேய்த்து எடுத்துவிட்டார்கள் என்றுதான் அவள் அந்த நிமிஷம் புரிந்துகொண்டாள். 

இசக்கி பதினொன்றாம் வகுப்பு. இந்த ஊரில் பதினொன்றிலேயே காலேஜ்தான். மாட்டுங்காவில் பெரிய காலேஜில் இடம் கிடைத்துச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. சேர்ந்த புதிதில் புதுத் தோழிகளைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவாள். ஒருத்தியின் வீட்டில் நாய்க்குத் தனி அறை, இன்னொருத்தி பிறந்த நாளுக்கு லோனாவாலா போனாள், இப்படி. கலைச்செல்விக்கு அந்தப் பெண்களின் பெயர்கள் மனசில் நிற்கவில்லை. மகள் சந்தோஷமாக இருக்கிறாள் என்பது மட்டும் நின்றது.

சாயங்காலம் கீழே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மேலே இசக்கி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷ். ஹிந்தி முழுக்கப் புரிந்தது. ஆனால் விஷயமெல்லாம் இங்கிலீஷில் அல்லவா இருந்தது. கிக் அவுட் என்றாள். ஐஸ் அவுட் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, கோஸ்ட் என்றாள். அந்த வார்த்தையை இரண்டு தடவை சொன்னாள்.

கோஸ்ட் என்றால் பேய். அது கலைச்செல்விக்குத் தெரியும். ஐஸும் தெரியும். இரண்டும் சேர்ந்து என்ன என்றுதான் தெரியவில்லை.

கணவன் பூதத்தான் விக்ரோலியில் பீரோ செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறான். வேலை விட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தவனிடம் மெதுவாகச் சொன்னாள்.

"ரிமூவ்னா?" என்றான் அவன். "காலேஜ விட்டே எடுத்துட்டாங்களா? நோட்டீஸ் குடுக்காம எப்படி எடுப்பான்? மூணு நோட்டீஸ் குடுக்கணும்லா."

"காலேஜ்ல இருந்து இல்ல. போன்ல ஏதோ க்ரூப்பாம்."

"போன்லயா?" அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "போன்ல எடுத்தா எடுத்துட்டுப் போறா. வேற க்ரூப்ல சேரட்டும். இதுக்கா நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

அவனிடம் சொல்லிப் பயனில்லை. அவளுக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வேலை பார்க்கிற செம்பூர் பார்லரில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு அவளைக் கூப்பிடுவதை ஒரு நாள் நிறுத்திவிட்டார்கள். சண்டை இல்லை, பேச்சில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சாப்பிட்டார்கள். அவள் வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். பிறகு ஒரு நாள் அவர்களே, "தீதி, வாங்க" என்றார்கள். எதற்கு ஒதுக்கினார்கள், எதற்குத் திரும்பக் கூப்பிட்டார்கள், இன்றுவரை அவளுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அந்த நாட்களில் டப்பாவில் இருந்த சோறு ஈரமான காகிதம் மாதிரி தொண்டையில் இறங்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பதினாறு வயசில் அதைத் தின்ன வேண்டுமா இந்தப் பிள்ளை?

மறுநாள் பார்லருக்கு நாகலக்ஷ்மி மாமி வந்தாள். மாமி ஒரு கப்பல் கம்பெனியில் முப்பது வருஷம் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவள். இங்கிலீஷில் மாமிக்குத் தெரியாதது இருக்காது என்று கலைச்செல்வி நம்பினாள். புருவத்துக்கு நூல் போடத்தான் மாமி வந்திருந்தாள். நூலின் ஒரு முனை கலைச்செல்வியின் பல்லில் இருந்ததால், ஒரு புருவம் முடிந்து நூலை மாற்றுகிற இடைவெளியில்தான் கேட்க முடிந்தது.

"மாமி, ஒருத்திய க்ரூப்ல இருந்து வெளிய போடுறதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லுவாங்க?"

மாமி கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "ஒண்ணா ரெண்டா? வெள்ளைக்காரன் அதுக்குன்னு ஒரு கூடை வார்த்தை வச்சிருக்கான். எக்ஸ்க்ளூட்னா முதல்லயே சேர்த்துக்காம இருக்கறது. எக்ஸ்பெல்னா உள்ள இருந்தவளை வெளியே அனுப்பறது. ஷன் பண்றதுன்னா எதிர்ல பார்த்தாலும் பார்க்காத மாதிரி போறது. பாய்காட்னா எல்லாரும் கூடிப் பேசி வச்சுண்டு பேசாம இருக்கறது. ஆஸ்ட்ரசைஸ்னு ஒண்ணு. அது ஊர் கூடி ஒதுக்கி வைக்கறது. உனக்கு எது வேணும்?"

"ரிமூவ்?"

"அது பொது வார்த்தைடி. குப்பையையும் ரிமூவ் பண்ணலாம், மனுஷாளையும் பண்ணலாம்."

கலைச்செல்வி நூலைப் பல்லில் கடித்தாள். இரண்டாவது புருவம் முடியும்வரை இந்த வார்த்தைகள் அவள் தலைக்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. மகளைச் சேர்த்துக்கொள்ளாமல் விட்டார்களா, சேர்த்து வெளியே அனுப்பினார்களா? பார்த்தும் பாராமல் போகிறார்களா, கூடிப் பேசிவிட்டுப் போகிறார்களா? வலி எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே. பிறகு எதற்கு இத்தனை வார்த்தை?

"பிளாக்பால்னு இன்னொண்ணு உண்டு," என்று மாமி தானாகவே தொடர்ந்தாள். "அந்தக் காலத்துக் கிளப்ல புதுசா ஒருத்தரைச் சேர்க்கறதுக்கு ரகசியமா ஓட்டுப் போடுவா. பெட்டிக்குள்ள கறுப்பு உருண்டை ஒண்ணு விழுந்தாலும் போச்சு, ஆளைச் சேர்க்க மாட்டா. யார் போட்டான்னு கடைசி வரைக்கும் தெரியாது."

"யாரு போட்டதுன்னு தெரியாதா?"

"தெரியாது. அதுதானே அதுல சௌகரியம்."

"கோஸ்ட்னா மாமி?"

"பேய்."

பக்கத்து நாற்காலியில் ஒருத்தியின் தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த பெண் திரும்பினாள். "இல்ல தீதி. கோஸ்ட் பண்றதுன்னா திடீர்னு பதிலே போடாம காணாமப் போயிடறது. பேய் மாதிரி."

மாமிக்கு இப்போது விஷயம் பிடிபட்டுவிட்டது. எழுந்து கண்ணாடியில் புருவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "யாரை? உன் பொண்ணையா? காலேஜ்லயா? சும்மா விடாதே, கலை. நேரே போய் பிரின்சிபாலைப் பாரு. இங்கிலீஷ் வராதேன்னு பயப்படாதே, வேணும்னா நான் கூட வரேன். இந்த மாதிரி பண்ணி எத்தனை கொழந்தைகள் படிப்பையே விட்டிருக்கா, தெரியுமோ?"

பயம் அப்போதுதான் முழுசாகப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் வரும்போது யோசித்தாள். பிரின்சிபாலிடம் போனால் அவர் முதலில் யார் என்றுதானே கேட்பார்? பெயர் வேண்டும். இசக்கி சொல்லமாட்டாள். சொல்லக்கூடிய ஒரே ஆள் சுலைகா.

சுலைகா இரண்டு சந்து தள்ளி இருக்கிறாள். இசக்கியும் அவளும் பாலர் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். இப்போதும் ஒரே காலேஜ், ஒரே வகுப்பு. அவள் உம்மா பீவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறாள். பீவிக்கும் கலைச்செல்விக்கும் இருபது வருஷப் பழக்கம். இந்த ஒரு மாதமாகச் சுலைகா தங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை என்பது கலைச்செல்விக்கு அந்தச் சந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது. பரீட்சையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கைப்பையோடு நேராக உள்ளே போனாள். பீவி மெஷினை நிறுத்தவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தி, "வா, உக்காரு," என்றாள். சுலைகா தரையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"சுலைகா, ஒன்கிட்டதான் வந்தேன். இசக்கிய காலேஜ்ல யாரோ தள்ளி வச்சிருக்காளுவ. க்ரூப்ல இருந்து ரிமூவ் பண்ணிட்டாளுவளாம். வீட்டுல பிள்ள சோறு திங்க மாட்டேங்கா. நீ கூடவேதான இருக்க, ஒனக்குத் தெரியாம இருக்காது. பயப்படாம பேர மட்டும் சொல்லு. யாரு அவ?"

மெஷின் நின்றது. சுலைகா அவளையே பார்த்தாள். கேலி செய்கிறாளா என்று முகத்தில் தேடுகிற பார்வை அது.

"என்ன சித்தி, வெளையாடுதியளா?"

"இல்லட்டி. நெசமாத்தான் கேக்கேன்."

சுலைகா உம்மாவைப் பார்த்தாள். பீவி தலையை ஆட்டினாள். சுலைகா போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி, ஓர் இடத்தில் நிறுத்தி நீட்டினாள். நடுவில் சின்ன எழுத்தில் ஒரு வரி. கலைச்செல்வி எழுத்துக்கூட்டிப் படித்தாள். இஸ்ஸி ரிமூவ்ட் யூ.

"இந்த இஸ்ஸிங்கிறது யாரு? அவதானா?"

"சித்தி," என்றாள் சுலைகா.  "இஸ்ஸி ஒங்க மவதான். காலேஜ்ல அவ பேரு அது."

கலைச்செல்வி திரும்பவும் அந்த வரியைப் படித்தாள். அர்த்தம் மாறவில்லை. ஆனால் இவ்வளவு நேரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த வண்டி சடக்கென்று மறுபக்கம் சாய்ந்தது மாதிரி அவளுக்குத் தலை சுற்றியது. "அப்போ ரிமூவ் ஆனது நீயா?"

"ஆமா."

"எடுத்தது அவளா?"

"அவதான் க்ரூப்புக்கு அட்மின். அவதான் எடுக்க முடியும்."

"எதுக்குட்டி?" கேட்டுவிட்டுக் கலைச்செல்விக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதை வாய்விட்டுக் கேட்பதா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் தாழ்ந்த குரலில் கேட்டாள். "நீங்க முஸ்லிம்ங்கிறதாலயா?"

"அப்படி யாரும் சொல்லல சித்தி. வேற எதுவும் சொல்லல. எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல. நான் போட்ட மெசேஜுக்கு அவ பதிலும் போடல. வகுப்புல முன் பெஞ்சுக்கு மாறிட்டா. என்ன செஞ்சேன்னு நானும் ஒரு மாசமா யோசிச்சுப் பாக்கேன்."

பீவி மெஷினிலிருந்து துணியை உருவி மடித்தாள். "ஒனக்குத் தெரிஞ்சுதான் சொல்லவந்திருக்கன்னு நெனச்சேன் கலை. நம்ம வீட்டுப் பிள்ளயாச்சே, அம்மா வந்து ரெண்டு வார்த்த சொல்லுவான்னு நெனச்சேன். நீயானா ஒம் மவளுக்கு நியாயம் கேட்டு வந்திருக்க."

அதில் கோபம் இருந்ததா, சிரிப்பு இருந்ததா என்று கலைச்செல்வியால் கண்டுபிடிக்க முடியவில்லை. "எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமா," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். டீ குடித்துவிட்டுப் போ என்று பீவி எப்போதும் சொல்வாள். இன்று சொன்னாளா என்பதுகூட ஞாபகமில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் தன் மேலேயே எரிச்சல்பட்டாள். இசக்கி பொய் சொல்லவில்லை. ரிமூவ் பண்ணியாச்சு என்றாள். யாரை என்று சொல்லவில்லை. யார் என்றும் சொல்லவில்லை. இவள்தான் அந்த இரண்டு காலி இடத்திலும் தனக்குப் பிடித்த ஆட்களை உட்கார வைத்துக்கொண்டாள்.

இசக்கி மேலே படுத்திருந்தாள். கலைச்செல்வி ஏணியில் பாதி ஏறி, தலை மட்டும் மேலே தெரிய நின்றாள்.

"இஸ்ஸி யாருட்டி?"

இசக்கி எழுந்து உட்கார்ந்தாள். எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. "அவங்களுக்கு இசக்கின்னு கூப்பிட வராதும்மா."

"வராட்டா சொல்லிக் குடுக்கணும். சரி, அத விடு. சுலைகாவ எதுக்கு எடுத்த?"

"நான் எடுக்கலம்மா. எல்லாரும் டிசைட் பண்ணதுதான். வைப் செட் ஆகல."

"அப்படின்னா?"

"அப்படின்னா… ஃபிட் ஆகல."

"தமிழ்ல சொல்லு."

இசக்கி வார்த்தை தேடினாள். "அவள சேத்துக்க முடியல."

"யாரால முடியல?"

"க்ரூப்பால."

"க்ரூப்புக்குக் கையி இருக்கா? அந்த பட்டன அமுக்குனது யாரு கையி?"

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. காலேஜில் சேர்ந்த முதல் வாரமே ஒருத்தி கேட்டபோது, இசக்கி தாராவி என்று சொல்லாமல், தன் வீடு சயானில் இருப்பதாகச் சொல்லிவிட்டாள். சயான் ஸ்டேஷன் பக்கந்தானே, பெரிய பொய் ஒன்றும் இல்லை என்று நினைத்தாள். ஒரு மாதத்துக்கு முன்னால் கேன்டீனில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது சுலைகா தூரத்திலிருந்தே கூப்பிட்டாள். "ஏட்டி இசக்கி, தாராவி பஸ்சு போயிரும், வாட்டி!" கேன்டீன் முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் ஒருத்தி க்ரூப்புக்கு வெளியே தனியாகச் செய்தி அனுப்பினாள். உன் ஃப்ரெண்ட் ரொம்ப லவுட், நீதானே சேர்த்தாய், நீயே எடுத்துவிடேன்.

"எடுத்துட்ட."

"எடுத்துட்டேன். சாரி சொல்லலாம்னு இருந்தேன். எப்படி ஆரம்பிக்கன்னு தெரியாம பதிலே போடாம விட்டுட்டேன். நேத்து அவ காரிடார்ல எதிர்ல வந்தா. என்னப் பாக்காம போயிட்டா. அவங்கல்லாம் கூட நின்னாங்க. 'பாத்தியா, எவ்வளவு ஆட்டிட்யூட்'னு சொல்லிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்மா."

அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

கலைச்செல்விக்கு ஓங்கி ஓர் அறை விடத் தோன்றியது. அதே பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொள்ளவும் தோன்றியது. ஏணியில் நின்றபடி இரண்டையுமே செய்ய முடியவில்லை. நேற்றிலிருந்து இவளுக்காகத்தானே நெஞ்சு வெந்தாள்! அந்த இரக்கத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? சுலைகா பக்கம் முழுசாக மாற்றவும் முடியவில்லை. பெற்ற வயிறு விடவில்லை. இங்கேயே வைத்திருக்கவும் மனசு ஒப்பவில்லை.

"முழுசாச் சொல்லு," என்றாள். "யாரு, யார, என்ன செஞ்சா. ஒரு தடவ முழுசாச் சொல்லு."

"சொல்லிட்டேனே."

"இல்ல. பண்ணியாச்சு, ஆயிருச்சுன்னு சொன்ன. ஆளச் சேத்துச் சொல்லு."

இசக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நான் சுலைகாவ வெளிய தள்ளிட்டேன்."

"ஆங்," என்றாள் கலைச்செல்வி.  கீழே இறங்கி உலை வைத்தாள்.

மறுநாள் காலையில் இசக்கி அவளிடம் வந்து, சுலைகாவைத் திரும்பச் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. காலேஜுக்குக் கிளம்பும் முன்பே அந்த வெளிச்சம் போய்விட்டது. "அவளே லெஃப்ட் ஆயிட்டாம்மா. நான் சேத்தேன், அவ போயிட்டா. ஏம்மா?"

"என்னக் கேட்டா? நேர்ல போயிக் கேளு."

சாயங்காலம் இசக்கி போனாள். சீக்கிரமே திரும்பி வந்தாள். சுலைகா சண்டை போடவில்லை, கதவையும் சாத்தவில்லை. எதுக்குச் செஞ்சே என்று மட்டும் கேட்டாளாம். இசக்கி பஸ் விஷயத்தைச் சொன்னாளாம். தாராவி என்று தெரிந்துவிட்டதே என்று சொன்னாளாம். பிறகு அதுவும் சரியான காரணமாகப் படாமல், தெரியலை என்றாளாம். "தெரிஞ்ச பிறவு வா" என்று சொல்லிவிட்டாளாம் சுலைகா.

"கட்டி விட்டுருக்கா, டூ விடுற மாதிரி, அவ்வளவுதான். நாளாச்சுன்னா பேசுவா," என்றாள் கலைச்செல்வி.

"சின்னப் பிள்ளையாம்மா நாங்க, கட்டி விட?"

கலைச்செல்வி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

இரண்டு வாரம் போனது. அந்த க்ரூப்பில் இப்போது இசக்கி இல்லை. அவளாக வெளியே வந்தாளா, அவர்கள் எடுத்தார்களா என்று கேட்டதற்கு, "நானாத்தான் வந்தேன்னு நெனைக்கேன்," என்றாள். அவர்கள் பேச்சைக் குறைத்தார்கள், இவளும் குறைத்தாள், ஒரு நாள் வந்துவிட்டாள். நான், என்னை, அவர்கள் என்று ஆட்களையெல்லாம் ஒழுங்காகச் சேர்த்துத்தான் சொன்னாள். அப்படியும் கலைச்செல்விக்கு யார் யாரை விட்டது என்று பிடிபடவில்லை. காலையில் இசக்கியும் சுலைகாவும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள். ஒருத்தி முன்னால் ஏறுகிறாள், ஒருத்தி பின்னால். நேற்று சுலைகா இறங்கும்போது படியில் இடம் விட்டு நின்றாள் என்று இசக்கி சொன்னாள். அது மற்றவர்களுக்கும் விடுகிற இடமா, இவளுக்கென்று விட்டதா என்று அவளுக்கே சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை கலைச்செல்வி தொண்ணூறு அடி ரோட்டில் காய் வாங்கப் போனாள். கூட்டத்தில் பீவி கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து முகர்ந்துகொண்டிருந்தாள். பார்த்ததும் சிரித்தாள். "பொம்பளப் பிள்ளைக ஆயிரம் சண்ட போடும், நாம அதுல தல குடுக்கக் கூடாது," என்றாள். "ஆமாக்கா," என்றாள் கலைச்செல்வி. வெண்டைக்காய் நன்றாக இல்லை என்று பீவி சொன்னாள். ஆமாம், முற்றல் என்று இவளும் சொன்னாள். பிறகு பீவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாரேன்," என்று சொல்லி நடக்க ஆரம்பித்தாள்.

இருபது வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்துதான் வீட்டுக்குத் திரும்புவார்கள். ஒருத்தி வாங்கி முடிக்கும்வரை இன்னொருத்தி நிற்பாள். கலைச்செல்வி கையில் தக்காளித் தட்டோடு அவள் போவதையே பார்த்தாள். தைக்கக் கொடுத்தவர்கள் யாராவது காத்திருப்பார்கள். அதற்காக அவசரமாகப் போகிறாளாக இருக்கும். இல்லை, இதுவும் அதுதானா? மாமி சொன்ன கூடையில் இதற்கு எந்த வார்த்தை?

தக்காளியைத் தட்டோடு கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, "பீவியக்கா!" என்று கூப்பிட்டாள். ஆட்டோவின் ஹாரனில் அது அமுங்கிப் போனது. இரண்டாம் தடவை, சுலைகா கேன்டீனுக்கே கேட்கக் கூப்பிட்ட மாதிரி கத்தினாள்.

பீவி நின்று திரும்பினாள். "என்னா?"

"நில்லுக்கா. நானும் வாரேன்."

பீவி ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள். பிறகு ஓரமாக, கரும்புச்சாறு வண்டிப் பக்கம் நிழலில் ஒதுங்கி நின்றாள். "சீக்கிரம் வா. வெயிலு கொளுத்துது," என்றாள். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று கிட்டே போன பிறகும் கலைச்செல்விக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் சந்து வரைக்கும் சேர்ந்து நடந்தார்கள்.